தேர் திரும்பும் தெரு

கோடை விடுமுறை நெருங்குகிறது என்பதை வெயிலுக்கு முன்னால் வாசகர் கடிதங்கள் சொல்லிவிடுகின்றன. இந்த முறை பாதிப் பேர் ஐரோப்பாவின் பழைய ஊர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் "நம்ம ஊருக்கு என்ன குறைச்சல்?" என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு கட்சியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மந்தைவெளி
ஐரோப்பாவில் இடைக்காலத்து ஊர்கள் அப்படியே இருக்கின்றனவாமே? ஒரே ஒரு ஊருக்குத்தான் பென்ஷன் இடம் கொடுக்கும். எங்கே போகலாம்?

இத்தாலியில் சியனா. கட்டடத்துக்காகச் சொல்லவில்லை, ஜூலை 2, ஆகஸ்ட் 16 என்ற இரண்டு தேதிகளுக்காகச் சொல்கிறேன். அன்று ஊர் நடுவே கிளிஞ்சல் வடிவத்தில் இருக்கும் மைதானத்தில் மண்ணைக் கொட்டிப் பரப்பிக் குதிரை ஓட்டுவார்கள். பாலியோ என்று பெயர். ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனிக் கோயில், தனி அருங்காட்சியகம், தனிப் பகையாளி. ஒரு தடவைக்குப் பத்துப் பேட்டைதான் ஓடலாம். பந்தயத்துக்கு முன் குதிரையைப் பேட்டையின் கோயிலுக்குள் அழைத்துப் போய்ப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். அங்கே அது சாணம் போட்டுவிட்டால் நல்ல சகுனம் என்று ஊரே குதிக்கும். ஓட்டம் மூன்று சுற்று, ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். ஓட்டுபவர் வழியில் விழுந்தாலும் குதிரை மட்டும் முதலில் வந்து சேர்ந்தால் வெற்றிதான். மைதானத்தின் நடுவில் நின்று பார்க்கக் காசு கிடையாது, ஆனால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மந்தைவெளிக்காரருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று நம்புகிறேன்.

கல்லூரி மாணவி, மேற்கு மாம்பலம்
இத்தனை நூற்றாண்டாக ஒரு ஊரை அப்படியே காப்பாற்ற எவ்வளவு அக்கறை வேண்டும்! நமக்கு ஏன் அது இல்லை?

அக்கறை கடைசி நூற்றைம்பது வருஷத்துச் சமாசாரம். அதற்கு முன்னால் அந்த ஊர்களைக் காப்பாற்றியது வறுமை.

பெல்ஜியத்தின் புரூஜைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய வணிகர்களெல்லாம் அங்கேதான் கடை விரித்தார்கள். கடலுக்குப் போகும் கால்வாய் மண்மூடியது, வணிகம் ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டது. அடுத்த முந்நூறு வருஷம் அங்கே புதிதாக வீடு கட்ட யாருக்கும் காரணமும் இல்லை, காசும் இல்லை. 1892-இல் ஜார்ஜ் ரோடன்பாக் என்பவர் 'செத்த ஊர்' என்றே தலைப்பு வைத்து அதை ஒரு நாவலாக எழுதினார். செத்த ஊரைப் பார்க்க உயிருள்ளவர்கள் ரயிலேறி வர ஆரம்பித்தார்கள்.

ஜெர்மனியின் ரோதன்பர்க் கதையும் இதுவே. முப்பதாண்டுப் போரில் 1631-இல் முற்றுகை, 1634-இல் கொள்ளைநோய், அதற்குப் பின் தூக்கம். இத்தாலியின் சான் ஜிமிஞானோவில் பணக்காரக் குடும்பங்கள் ஒருவரையொருவர் மிஞ்ச வேண்டும் என்று 72 கோபுரங்கள் கட்டினார்களாம். 1348 பிளேக்குக்குப் பிறகு எல்லோர் கையும் காலி. இன்றைக்கு மிச்சம் 14. மேலே சொன்ன சியனாவில் அதே வருஷம் பிளேக் வந்தபோது பேராலயத்தைப் பெரிதாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாதியில் நின்ற சுவர் இன்னும் பாதியிலேயே நிற்கிறது. அதன் மேல் ஏறிப் பார்க்க இப்போது டிக்கெட்.

ஆக, ஒரு பழைய ஊர் பிழைக்க இரண்டு விஷயம் கூடிவர வேண்டும். காசு சரியான நேரத்தில் வெளியே போக வேண்டும், சரியான நேரத்தில் திரும்பி வர வேண்டும். சென்னையில் காசு வெளியே போகவே இல்லை. நீங்கள் அக்கறையின்மை என்று நினைப்பதில் முக்கால்வாசி செல்வச் செழிப்பு.

பேராசிரியர், அடையாறு
அப்படிக் காசு கைவிட்டதால் தப்பித்த ஊர் தமிழ்நாட்டில் உண்டா?

தரங்கம்பாடி. உங்கள் வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்குக்காரர்களுக்கு அங்கே வியாபாரம் செய்ய இடம் கொடுத்தார். தங்கத் தகட்டில் எழுதிக் கொடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் சீகன்பால்கு என்ற பாதிரியார் வந்து இறங்கினார், தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1718-இல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

1845-இல் டென்மார்க் தன் இந்தியக் கடைகளைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. இங்கிலீஷ்காரர்களுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் போதுமானதாக இருந்தது. தரங்கம்பாடிக்கு வேலை போனது. மாயவரத்திலிருந்து போய்க்கொண்டிருந்த ரயிலும் 1986-இல் நின்றது. அதனால்தான் 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதியில் தூண் வைத்த வீடுகளும் இரண்டு பழைய தேவாலயங்களும் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. அக்காலத்தில் அங்கே கூட்டம் இருந்திருந்தால் எல்லாம் மூன்று மாடி லாட்ஜாக மாறியிருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஊர். இடைக்காலத்தைப் பார்க்க வேண்டுமானால் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்கு நடங்கள். மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டென்மார்க்குக்காரர்கள் கப்பலிலிருந்து இறங்கியபோதே அதற்கு முந்நூறு வயது தாண்டியிருந்தது.

அதே பேராசிரியரின் மகன், வயது 12
தரங்கம்பாடியில் இப்போதும் டேனிஷ் பேசுவார்களா?

பேசுவார்கள். டென்மார்க்கிலிருந்து சுற்றுலா வரும்போது.

இல்லத்தரசி, தெற்கு மாட வீதி, மயிலாப்பூர்
எங்கள் ஊர் ரோமாபுரிக் காலத்து ஊர் என்கிறார்கள். அப்படியிருக்க அதை யாரும் 'பாதுகாக்கப்பட்ட பழைய ஊர்' என்று பட்டியலில் சேர்ப்பதில்லையே, ஏன் சார்?

பட்டியல் போடுகிறவர்கள் சுவரைத் தேடுகிறார்கள். உங்கள் ஊரில் பழைய சுவர் இல்லை மாமி. அதைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

புவியியலாளர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் குறித்த மாலியார்பா என்ற துறைமுகம் மயிலாப்பூர்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவைக்காகப் பாடிய பதிகத்தில் மயிலையின் விழாக்கள் மாதவாரியாக வரிசை கட்டி வருகின்றன. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கோயில் இப்போதைய இடத்தில் இல்லை, கடலோரத்தில் இருந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தது. சாந்தோம் தேவாலய வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இன்று நீங்கள் பிரதட்சிணம் செய்யும் கோயில் அதற்குப் பிறகு எழுந்தது. ராஜகோபுரம் 1906-ஐச் சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் அது ஈஃபில் கோபுரத்துக்குத் தம்பி.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நீங்கள் ஐரோப்பாவில் போய்ப் பார்க்க நினைக்கிற மதில் சூழ்ந்த ஊர் மயிலாப்பூரிலேயே ஒன்று இருந்தது. போர்ச்சுகீசியர் சாந்தோமைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1662-இல் கோல்கொண்டா அதைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்து இரண்டு வருஷம் முற்றுகையில் கிடந்து 1674-இல் வெளியேறினார்கள். பிறகு மதில் இடித்துத் தள்ளப்பட்டது. ஐரோப்பிய ஊர் போயிற்று, மாட வீதி இருக்கிறது.

மாட வீதி ஏன் இருக்கிறது என்று கேட்டால் நான் தேரைக் காட்டுவேன். பங்குனி உற்சவத்தில் ஏழாம் நாள் காலை கிழக்கு மாட வீதி முனையில் போய் நில்லுங்கள். தேர் நேராக வரும்போது இழுப்பவர்களுக்கு வேலை, முனையில் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு வேலை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவார்கள். சக்கரம் அதில் வழுக்கி, இத்தனை பெரிய தேர் முனகிக்கொண்டே ஒரு விரற்கடை திரும்பும். கட்டையை உருவி மறுபடி செருகுவார்கள், இன்னொரு விரற்கடை திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலம் அந்த முனையில் இருந்தே தீர வேண்டும். கடைக்காரர் ஆடி மாதம் தகரச் சார்ப்பை மூன்றடி வெளியே இழுத்துவிடலாம். பங்குனியில் அவரே ஏணி போட்டுக் கழற்றுவார். அபராதச் சீட்டுக்கு அசையாத ஆக்கிரமிப்பு தேருக்கு அசையும்.

ஐரோப்பாவில் வீட்டைக் காப்பாற்றினார்கள். நாம் வீட்டை மூன்று தடவை இடித்துக் கட்டிவிட்டுத் தெருவைக் காப்பாற்றியிருக்கிறோம். திண்ணை போனதற்கு எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு கதை.

பொறியாளர், சாந்தோம் நெடுஞ்சாலை
சாந்தோம் பேராலயத்தைப் பார்த்தால் இடைக்கால ஐரோப்பா மாதிரியே இருக்கிறதே?

'மாதிரி' என்று சொன்னீர்களே, அது சரி. போர்ச்சுகீசியர் 1523-இல் கட்டியது வேறு. இப்போது இருப்பது 1893-இல் தொடங்கி 1896-இல் முடிந்த, பழைய பாணியில் கட்டிய புதுக் கட்டடம். கூர்மாடமும் வண்ணக் கண்ணாடியும் கண்டவுடன் வயதை ஏற்றிவிடக் கூடாது. பழையதைப் பார்க்க லஸ் பக்கம் திரும்புங்கள். காட்டுக் கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலில் 1516 என்று பொறித்திருக்கிறது. காடு மட்டும் இல்லை.

நிஜமான இடைக்காலத்தில் இந்த இடத்தைப் பற்றி எழுதியவர் மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், புனித தோமையார் கல்லறைக்கு வருகிறவர்கள் அங்கிருந்து செம்மண் எடுத்துப் போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். சாந்தோமுக்கு வெளியூர்ச் சுற்றுலாப் பயணி வருவது புதிதல்ல.

தினமும் நெரிசலில் சிக்குபவர், லஸ் முனை
மெட்ரோவுக்காகத் திருமயிலையை இப்படித் தோண்டுகிறார்களே, பழைய ஊர் தாங்குமா? எப்போதுதான் முடியும்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் ஆறுதல். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை 1248-இல் ஆரம்பித்து 1880-இல் முடித்தார்கள். நடுவில் சில நூற்றாண்டுகள் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி மட்டும் நின்றது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் தொடங்கி மொட்டைக் கோபுரமாகவே நின்று 1987-இல்தான் 236 அடிக்கு எழும்பியது. அதோடு ஒப்பிட்டால் மெட்ரோ அவசரக்காரர்.

முதல் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. அதே கொலோனில் 2009 மார்ச்சில் சுரங்க ரயில் வேலை நடந்த இடத்தை ஒட்டியிருந்த நகர ஆவணக் காப்பகம் சரிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரம் வருஷத்து ஏடுகள் இடிபாட்டுக்குள் போயின, மீட்டெடுத்து ஒட்டும் வேலை பல வருஷங்களுக்கு நீண்டது. ரோமில் வேறு மாதிரி. சான் ஜியோவானி நிலையத்தைத் தோண்டும்போது கிடைத்ததையெல்லாம் நிலையத்துக்குள்ளேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். படியிறங்க இறங்கக் காலம் பின்னே போகும். திருமயிலை இரண்டு மெட்ரோ பாதைகள் சந்திக்கும் ஆழமான நிலையம். பல்லவர் காலத்து ஊரைத் தோண்டுகிறோம் என்ற நினைப்பு ஒப்பந்தக்காரருக்கு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

துணிக்கடை ஊழியர், தி.நகர்
யார்க் நகரத்தில் ஷாம்பிள்ஸ் என்று ஒரு சந்து, உலகத்தின் மிக அழகான இடைக்காலத் தெரு என்று யூடியூபில் போடுகிறார்கள். எங்கள் ரங்கநாதன் தெருவைவிட ஒசத்தியா?

அழகில் ஒசத்தி. உண்மையில் உங்கள் தெருதான் ஒசத்தி.

ஷாம்பிள்ஸ் கசாப்புக்காரர்களின் தெரு. மேல்மாடிகள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இறைச்சியில் வெயில் படக் கூடாது என்று அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். கடைவாசலில் மாமிசம் தொங்கவிட்ட கொக்கிகளும் பலகைகளும் இன்னும் இருக்கின்றன, மாமிசம் இல்லை. ரத்தம் ஓடிய வாய்க்கால் கழுவித் துடைத்துக் கிடக்கிறது. இப்போது அங்கே மந்திரக்கோலும் சாக்லேட்டும் விற்கிறார்கள். இடைக்காலச் சந்தை எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் போக வேண்டும். தலைச்சுமை, கூவல், கையைப் பிடித்து இழுக்கும் வியாபாரி, இடுப்பில் காசைப் பத்திரப்படுத்தும் கிராமத்து மனிதர், பிக்பாக்கெட் எச்சரிக்கை. பதினான்காம் நூற்றாண்டு யார்க்கிலிருந்து ஒருவர் எழுந்து வந்தால் ஷாம்பிள்ஸில் வழி தெரியாமல் முழிப்பார். ரங்கநாதன் தெருவில் உடனே பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

பனகல் பூங்காவில் தினம் நடப்பவர்
தி.நகருக்கு ஏதாவது பழம்பெருமை உண்டா?

பேட்டைக்கு நூறு வயது, அது உட்கார்ந்திருக்கும் ஏரிக்கு அதைவிடப் பல மடங்கு. மயிலாப்பூர் பக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் நிரப்பித்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். நீதிக்கட்சி ஆட்சி, அதனால் சர். பிட்டி. தியாகராயர் பெயர், பனகல் அரசர் பெயரில் பூங்கா. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. வியூவும் வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழையில், திரும்பி வருகிறது.

கட்டடக் கலை மாணவர், பெசன்ட் நகர்
பிரான்ஸின் கார்க்கசோன் கோட்டை நகரம் 'போலி' என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். பார்க்கலாமா, வேண்டாமா?

பாருங்கள். 1853-இலிருந்து வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பித்தார். தெற்குப் பிரான்ஸில் இல்லாத கூம்புக் கூரையையும் கருப்பலகைக் கல்லையும் வைத்துவிட்டார் என்று அன்றைக்கு ஆரம்பித்த திட்டு இன்றும் நிற்கவில்லை. ஆனால் அவர் கை வைக்காவிட்டால் அந்த மதிலை உடைத்துக் கல்லை விற்றிருப்பார்கள். ரோதன்பர்க்கும் முழுசாகப் பழசு இல்லை. 1945 மார்ச் 31-இல் குண்டு விழுந்து ஊரில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் போயிற்று, பழைய அச்சில் திரும்பக் கட்டினார்கள். வார்சாவின் பழைய நகரம் ஏறக்குறைய மொத்தமுமே போருக்குப் பிறகு கட்டியது. அதைத் தெரிந்துதான் யுனெஸ்கோ 1980-இல் பட்டியலில் சேர்த்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்து கோபுரத்துக்கு வண்ணம் பூசும் நாம் இதில் யாரையும் போலி என்று சொல்ல முடியாது. கபாலீசுவரர் கோபுரம் 2016-இல் புதுச் சாயம் கண்டது. எனக்கு அதில் புகார் இல்லை, சுதைக்கு வண்ணம் வேண்டும். என் புகார் வேறு. பல கோயில்களில் கருங்கல்லை மணல் பீய்ச்சிச் 'சுத்தம்' செய்து கல்வெட்டு எழுத்தையும் சேர்த்துத் துடைத்தார்களே, அதை எந்த ஆகமத்தில் கண்டார்கள்? பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-இல் சட்டசபையில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கார்க்கசோனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாய் இல்லை.

முழங்கால் வலிக்காரர், வயது 71, இந்திரா நகர்
கல் பாவிய தெருவில் என்னால் நடக்க முடியுமா?

ஊரைப் பொறுத்தது. புரூஜ் தட்டை, நடை களைத்தால் கால்வாயில் படகு. மணிக்கூண்டுக்கு மட்டும் 366 படி, அதை மகனை அனுப்பிப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சான் ஜிமிஞானோ, ஸ்பெயினின் டொலேடோ ரெண்டும் மலை மேல். குரோஷியாவின் டூப்ரோவ்னிக்கில் மதில் மேல் நடப்பதுதான் விசேஷம், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், நிழல் கிடையாது. உருட்டுப் பெட்டி வேண்டாம், அந்தக் கல்லில் சக்கரம் நாலு தெருவுக்குக் கேட்கும். சறுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு முக்கியம். ஹவாய் போட்டுக்கொண்டு மழையில் இறங்காதீர்கள்.

நாட்டு மருந்துப் பிரியர், கச்சேரி சாலை
எஸ்தோனியாவில் 1422-இலிருந்து ஒரே இடத்தில் மருந்துக்கடை நடக்கிறதாமே, உண்மையா?

உண்மை. தாலின் நகர மன்றச் சதுக்கத்தில். 1422-இல் அது நடந்துகொண்டிருந்ததற்குப் பதிவேடு இருக்கிறது, ஆரம்பித்தது எப்போதோ. ஒரு பக்கம் இன்றைய தலைவலி மாத்திரை, இன்னொரு பக்கம் அருங்காட்சியகத்தில் எரித்த தேனீ, வெளவால் வகையறா. இனிப்புப் பாதாம் விழுதைக்கூட அங்கே மருந்தாக விற்றார்களாம், காதல் தோல்விக்கு.

உங்கள் தெருவில் டப்பா செட்டி கடை 1885-இலிருந்து இருக்கிறது. வயதில் தாலின் ஜெயிக்கிறது. ஆனால் அங்கே பழைய மருந்து கண்ணாடிக்குப் பின்னால். இங்கே பிரசவ லேகியம், தீபாவளி மருந்து, சுக்கு, திப்பிலி எல்லாம் பொட்டலம் கட்டி உங்கள் கையில். தாலினில் வேடிக்கை பாருங்கள், வாங்குவதைக் கச்சேரி சாலையில் வாங்குங்கள்.

சைவப் பட்சணப் பிரியை, ஆழ்வார்பேட்டை
ரோதன்பர்க்கில் பனிப்பந்து என்று ஒரு தின்பண்டமாமே, நாம் சாப்பிடலாமா?

சோமாசி மாவை நாடா நாடாவாக வெட்டி உருண்டையாகச் சுற்றி எண்ணெயில் போட்டு எடுத்துச் சர்க்கரை தூவினால் எப்படி இருக்கும், அதுதான். முட்டை உண்டு. உங்களுக்கு வேண்டாம், பார்த்தால் போதும். ஜன்னல் நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள்.

வாசகர், நந்தனம்
மதிலுக்குள் மக்கள் இன்னும் வசிக்கிற ஊர் இந்தியாவில் எது?

இரண்டு சொல்கிறேன். ராஜஸ்தானில் ஜெய்சால்மர் கோட்டை, 1156-இல் எழுந்தது. உள்ளே வீடு, கடை, ஓட்டல் எல்லாம் உண்டு. அதுதான் அதற்கு நோயும். பாலைவனக் கோட்டைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, கழிவுநீர் கீழே இறங்கியது, அடித்தளக் களிமண் ஊறிக் கொத்தளங்கள் சரிந்தன.

மற்றது ஸ்ரீரங்கம். ஏழு பிராகாரம். வெளியே இருக்கும் மூன்றில் குடித்தனம். அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று ஒவ்வொரு மதிலாகத் தாண்டி உள்ளே போகும்போது பால்காரர், பள்ளிக்கூட ஆட்டோ, அப்பளம் காயும் மொட்டை மாடி எல்லாம் வழியில் வரும். பதினான்காம் நூற்றாண்டில் படையெடுப்புக்குப் பயந்து பெருமாளையே எடுத்துக்கொண்டு ஓடி, 1371-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊர் காத்திருந்தது. 2017-இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது வந்தபோது புதுப்பித்த கோயிலுக்குத்தான் கொடுத்தார்கள். நானாக இருந்தால் சித்திரை வீதிக் குடித்தனக்காரர்களுக்கும் ஒரு சான்றிதழ் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

சமூக ஆர்வலர், அபிராமபுரம்
மயிலாப்பூரையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கக் கையெழுத்து வாங்குகிறோம். நீங்கள் போடுவீர்களா?

வெனிஸைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன். தீவு நகரத்தில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். 2024-இலிருந்து கூட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக்கே காசு வாங்குகிறார்கள். பட்டியலில் பெயர் ஏறியதும் வீட்டுக்காரர் குடித்தனக்காரரை விட நாள் வாடகைப் பயணியை விரும்புவார். கிழக்கு மாட வீதியில் பூக்கடை போய்ப் 'பாரம்பரிய அனுபவம்' வந்துவிடும். உங்கள் மனுவில் நடைபாதைப் பூக்காரி, கொலுபொம்மைக்காரர், தேங்காய்க் கடை இவர்களுக்கு இடம் உறுதி என்று ஒரு வரி சேருங்கள், போடுகிறேன்.

புது மணத் தம்பதி, கோட்டூர்புரம்
அவருக்கு ஐரோப்பா, எனக்கு அக்கம்பக்கம். சமரசம் சொல்லுங்கள்.

இலங்கையின் காலி. போர்ச்சுகீசியர் தொடங்கி டச்சுக்காரர்கள் பெரிதாக்கிய கோட்டை நகரம். மதில் மேல் மாலை நடை அவருக்கு ஐரோப்பா, கீழே கொத்துரொட்டி உங்களுக்கு அக்கம்பக்கம். 2004 ஆழிப்பேரலையில் புது ஊர் அடிவாங்க, மதிலுக்குள் இருந்த பழைய ஊர் தப்பியது. இடைக்காலமும் வேண்டும் என்றால் திரும்பும் வழியில் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நட்ட, 1409 தேதியிட்ட கல்வெட்டு இருக்கிறது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் அதில் உண்டு. அது கிடைத்தது காலியில்தான்.

பயண ஏற்பாட்டில் இருப்பவர், ராஜா அண்ணாமலைபுரம்
நீங்கள் சொன்ன ஐரோப்பிய ஊருக்கெல்லாம் ஒரே விசா போதுமா?

யார்க் தவிர எல்லாவற்றுக்கும் ஷெங்கன் ஒன்றே போதும், பிரிட்டனுக்குத் தனி. 2023-இலிருந்து குரோஷியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் டூப்ரோவ்னிக்குக்குத் தனியாக அலைய வேண்டாம். 180 நாளில் 90 நாள் இருக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் பேரில் விண்ணப்பியுங்கள்.

பயந்த சுபாவம், திருவான்மியூர்
அந்த ஊர்களில் ராத்திரி பேய் உலவுமா?

ரோதன்பர்க்கில் ராத்திரி கறுப்பு அங்கியும் ஈட்டியும் லாந்தரும் எடுத்துக்கொண்டு ஒருவர் உலவுவார். இரவுக் காவலர் வேஷம். ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் காசு கேட்பார். பேய் அப்படியெல்லாம் கேட்காது.

காரில் வரப்போகிறவர், அண்ணா நகர்
இந்த வருஷம் அறுபத்து மூவர் பார்க்கக் குடும்பத்தோடு மயிலாப்பூர் வருகிறோம். காரை எங்கே நிறுத்துவது?

அண்ணா நகரில்.